ஜாடியின் மேல் ஒரு தலைமுடி

விரிசல் முதலில் ஒரு தலைமுடி மாதிரிதான் இருந்தது. மாப்பிள்ளை அதை ஊதிப் பார்த்தார். போகவில்லை. இரண்டு விரலால் கிள்ளி எடுக்கப் பார்த்தார். வரவில்லை. சட்டை முனையால் துடைத்தபோதுதான் அது முடி இல்லை என்று புரிந்தது.

ஜாடியின் விளிம்பில் ஆரம்பித்து, கழுத்து வழியாக இறங்கி, தோளில் வந்து நின்றிருந்தது கோடு. அந்த ஜாடியோ அத்தையின் கைவேலை.

அத்தை என்றால் அவருடைய மாமியார். வேலை பார்த்த துணிக்கடையை மூடிவிட்டதால், மனைவியோடு மாமியார் வீட்டுக்கே வந்து சேர்ந்தவர் மாப்பிள்ளை. தெருவில் தபால்காரர் உட்பட எல்லோரும் அவரை மாப்பிள்ளை என்றே கூப்பிட்டுக் கூப்பிட்டு, சொந்தப் பெயரைச் சொல்ல வேண்டிய இடத்தில் அவர் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருந்தது. ஆள் நல்ல உயரம். அடர்த்தியான மீசை. வீட்டில் அவர் வாய் திறப்பது சாப்பிடுவதற்கு மட்டும்தான். கோபக்காரர் என்று அக்கம்பக்கத்தில் ஒரு பேச்சு உண்டு. உண்மையில் அவர் பேசாமல் இருந்ததற்குக் காரணம் பயம். தோள் உயரம்கூட இல்லாத, காற்றடித்தால் சாய்ந்துவிடுவார் போலிருந்த அந்த அம்மாளைக் கண்டால் அவருக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

அத்தை சக்கரத்தைத் தொட்டதே இல்லை. மண்ணைப் பிசைந்து பலகையில் கயிறு மாதிரி உருட்டுவார். அந்தத் திரியை வளையமாகச் சுற்றி, ஒன்றின் மேல் ஒன்றாக ஏற்றி, கட்டைவிரலால் இழுத்துத் தேய்த்து, மூட்டுத் தெரியாமல் செய்துவிடுவார். கொஞ்சம் இறுக விட்டு அடுத்த திரி. அப்படி வளர்ந்து வளர்ந்து, மாப்பிள்ளையின் இடுப்பு உயரத்துக்கு வந்திருந்தது இந்த ஜாடி. அதன் பிறகு ஒரு கூழாங்கல்லை வைத்துக்கொண்டு பொறுமையாகத் தேய்த்துத் தேய்த்து, முகம் பார்க்கலாம் போல மினுக்கியிருந்தார். மாப்பிள்ளையும் திரி உருட்டிப் பார்த்தவர்தான். அவர் உருட்டினால் எலியை விழுங்கின பாம்பு மாதிரி நடுவில் புடைத்துக்கொண்டு வரும். ஆகவே காயவைப்பதும், மரத்தூளில் புகை போட்டுச் சுடுவதும் அவர் வேலை என்று ஆகியிருந்தது.

ஜாடி ஊர் நூலகத்தின் வாசலுக்குப் போக வேண்டியது.

"இது மட்டும் நல்லபடியா வெளிய வரட்டும் மாப்பிள்ளை. அப்புறம் சூளை முழுசா உங்க பொறுப்பு" என்று சொல்லியிருந்தார் அத்தை. நல்லபடியாக வராவிட்டால் என்ன ஆகும் என்பதை அவர் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதை மாப்பிள்ளையே நிரப்பிக்கொண்டார்: வெளியூரில் ஏதாவது கிடங்குக்குக் காவல். மனைவியின் குரலைப் போனில் கேட்பது. ராத்திரி தனியாகப் படுத்துக்கொண்டு பல்லியை எண்ணுவது.

"அந்த மூலையிலேயே இருக்கட்டும், மேல மூடின துணிய எடுக்காதீங்க, யாரும் கிட்டப் போக வேணாம்" என்றும் அத்தை சொல்லியிருந்தார். அதைத்தான் மாப்பிள்ளை கேட்கவில்லை. சீக்கிரம் காய்ந்தால் அத்தைக்குச் சந்தோஷமாக இருக்குமே என்று, ஜாடியைப் பலகையோடு இழுத்து ஜன்னல் வெயிலில் ஒரு நாள் முழுக்க வைத்துவிட்டார். வெயில் ஒரு பக்கத்தை மட்டும் காயவைத்தது. ஒரு பக்கம் மட்டும் சுருங்கினால் மண் என்ன செய்யும்? வெடித்துவிட்டது.

அவர் ஜாடியை மறுபடி மூலைக்கே தள்ளிவிட்டு, விரலைத் தண்ணீரில் நனைத்து விரிசல் மேல் தடவினார். காய்ந்த மண் தண்ணீரை ஆவலாகக் குடித்தது. குடித்துவிட்டு, இன்னும் கொடு என்பது போல வாயை அகலமாகத் திறந்தது. முடியாக இருந்தது நூலாயிற்று.

"மாப்பிள்ளை, தூள எங்க கொட்டட்டும்?"

பின்வாசலில் தச்சர் நின்றார், தலையில் மரத்தூள் மூட்டையோடு. அடுத்த தெருவில் பட்டறை வைத்திருப்பவர். சூளைக்கு வேண்டிய தூள் அவரிடமிருந்துதான் வரும். மாப்பிள்ளை சட்டென்று திரும்பி, விரிசலை முதுகால் மறைத்துக்கொண்டு நின்றார்.

"என்ன, ஜாடிக்கு முதுகு அரிக்குதா, உங்களுக்கா?"

"ஒண்ணுமில்லண்ணே. சும்மா சாஞ்சிக்கிட்டு இருந்தேன்."

"சுடாத பச்சை ஜாடி மேலயா?"

மாப்பிள்ளைக்குக் கண் கலங்கிவிட்டது. நகர்ந்து காட்டினார். "அண்ணே, அத்தைக்குத் தெரிஞ்சா நான் தொலைஞ்சேன். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

"இந்த வாய் பூட்டு. சாவிய நானே எங்கயோ தொலைச்சிட்டேன்." தச்சர் மூட்டையை இறக்கிவிட்டுக் குனிந்து பார்த்தார். "தண்ணி வச்சீங்களா? தப்பு. இதே மண்ணு காஞ்சதா எடுத்துப் பொடி பண்ணி, வினிகர் ஊத்திக் குழைச்சு, உள்ள அமுக்கணும். அப்பதான் பிடிக்கும்."

"உங்களுக்கு எப்படிண்ணே இதெல்லாம் தெரியும்?"

"பெரிய கை ஒண்ணு செஞ்சதப் பாத்திருக்கேன்." தச்சர் காதைக் குடைந்துகொண்டார். "வாங்க, உளிக்குத் துரு எடுக்க ஒரு புட்டி வச்சிருக்கேன்."

புட்டியில் பாதிதான் இருந்தது.

"மீதி?"

"இந்த ஊர்ல துரு நிறைய, மாப்பிள்ளை."

புட்டியைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, கர்ப்பிணி மாதிரி வயிற்றைப் பிடித்தபடி வீட்டுக்குள் நுழைந்தார் மாப்பிள்ளை. கூடத்தில் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, வயித்து வலியா?"

"இல்லம்மா. நடக்குறேன்."

"நடக்குறதுக்கு வயித்தப் பிடிச்சுக்கணுமா? சரியாப் போச்சு."

குழைத்த மண் விரிசலில் ஒழுங்காக உட்கார்ந்தது. ஆனால் அறை முழுவதும் வினிகர் வாசனை. ஜன்னலைத் திறந்தார். துண்டால் விசிறினார். கடைசியில் தானே நின்று மூச்சு மூச்சாக இழுத்து வாசனையைக் குறைக்கப் பார்த்தார். அந்த நேரத்தில்தான் அத்தை உள்ளே வந்தார்.

வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். மூக்கு இரண்டு தரம் அசைந்தது. முகம் வெளிறிப்போனது. பார்வை நேராக ஜாடிக்குப் போய், அங்கிருந்து மாப்பிள்ளையிடம் வந்தது.

"என்ன மாப்பிள்ளை... ஏதோ புளிச்ச வாசன..."

"எறும்பு அத்தை. எறும்பு வந்துது. அதுக்கு மருந்து அடிச்சேன்."

"எறும்பா?" அத்தை சேலைத் தலைப்பை விரலில் சுற்றினார். "எறும்புதான். எறும்பாத்தான் இருக்கும். நல்ல வேலை செஞ்சீங்க." சொல்லிவிட்டு வேகமாகத் திரும்பிப் போய்விட்டார்.

மாப்பிள்ளை சுவரைப் பிடித்துக்கொண்டார். நல்ல வேலை செஞ்சீங்க. அந்தக் குரலில் எவ்வளவு குத்தல். கண்டுபிடித்துவிட்டார், இனி நேரம் பார்த்துக்கொண்டிருக்கிறார், அவ்வளவுதான்.

அன்று சாப்பிட உட்கார்ந்தபோது அத்தை அவர் தட்டில் பார்த்துப் பார்த்து அள்ளி வைத்தார். போதும் என்று கையைக் குறுக்கே வைத்தாலும் விரல் இடுக்கு வழியாக வைத்தார். வெட்டப்போகிற ஆட்டுக்குத்தான் இப்படித் தழை விழும் என்று மாப்பிள்ளைக்குத் தோன்றியது.

"மாப்பிள்ளை" என்றார் அத்தை திடீரென்று. "உங்ககிட்ட ஒரு விஷயம் பேசணும்."

அவருக்குப் புரையேறியது. மனைவி தலையில் தட்டினாள்.

"சொல்லுங்க அத்தை."

அத்தை அவர் மீசையைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். "ஒண்ணுமில்ல. அப்புறம் பேசிக்கலாம். நீங்க சாப்பிடுங்க."

அப்புறம். அந்த ஒரு வார்த்தை மாப்பிள்ளையைத் தூங்கவே விடவில்லை.

மறுநாள் ஒட்டு காய்ந்திருந்தது. காய்ந்த ஒட்டு மங்கலாக, சுற்றிலும் மினுங்குகிற ஜாடியில் தனியாகத் தெரிந்தது. அத்தையின் கூழாங்கல்லை எடுத்தார். கோழிமுட்டை அளவுக் கல். அத்தை அதை யாரையும் தொடவிட மாட்டார். அதை வைத்து ஒட்டின் மேல் தேய்த்தார். வெளியே தேய்த்தது போதாது, உள்ளேயும் கொஞ்சம் தேய்த்தால் பிடிமானம் வரும் என்று யாரோ காதில் சொன்ன மாதிரி இருந்தது. ஜாடியின் கழுத்துக்குள் கையை விட்டார். கை போயிற்று. கல்லைப் பிடித்த கை வரவில்லை.

இழுத்தார். ஜாடி கூடவே வந்தது. பயந்துபோய் நிறுத்தினார். இடது கையால் ஜாடியை அணைத்துக்கொண்டு, வலது கையை மெல்லத் திருகினார். வியர்வை மூக்கு நுனியில் வந்து நின்றது. ஒரு சொட்டு விழுந்தால் ஒட்டு கரையும். மூக்கை மேலே தூக்கிக்கொண்டார்.

"என்ன மாப்பிள்ளை, ஜாடியக் கட்டிப் பிடிச்சிருக்கீங்க?"

வாசலில் அத்தை.

"காஞ்சிருக்கான்னு பாக்குறேன் அத்தை. உள்பக்கமா."

அத்தையின் கை கதவு நிலையைப் பிடித்தது. "உள்பக்கமா? உள்பக்கம்... ஏதாவது தட்டுப்படுதா?"

"ஒண்ணுமே இல்ல அத்தை. வழவழன்னு இருக்கு."

"அப்படியா. சந்தோஷம்." அத்தை பலகை மேல் கண்ணை ஓட்டினார். "என் கல்லக் காணோம். பாத்தீங்களா?"

"எந்தக் கல்லு அத்தை?"

"என் கல்லு."

"இங்கதான் எங்கயாவது இருக்கும் அத்தை" என்றார் மாப்பிள்ளை. அது மட்டும் உண்மை.

அத்தை போன பிறகு மாப்பிள்ளை கல்லை விட்டார். கை வந்துவிட்டது. கல் உள்ளே விழுந்து, அடியில் உருண்டு, கடகடவென்று சிரித்தது. சாய்த்து எடுக்கலாம் என்றால், கடிகாரக் கண்ணாடியைத் துடைப்பது போல அவ்வளவு பத்திரமாக ஒட்டியது பிளந்துவிடும். கல் அங்கேயே இருக்கட்டும் என்று விட்டார். பின்புதான் ஞாபகம் வந்தது: உள்ளே ஈரம் தங்கிய கூழாங்கல் நெருப்பில் வெடிக்கும். பட்டாசை விழுங்கிய ஜாடியைத்தான் இனி அவர் சுட வேண்டும்.

தச்சரிடம் ஓடினார்.

"அண்ணே, கல்லும் உள்ள போயிடுச்சு."

தச்சர் இழைப்புளியைக் கீழே வைத்தார். வெகுநேரம் மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தார். "பேசாம உங்க அத்தைகிட்ட உண்மையச் சொல்லிடுங்களேன்."

"ஐயையோ."

"அவங்க என்ன புலியா?"

"புலின்னா மரத்துல ஏறிக்கலாம்ண்ணே."

தச்சர் வாயைத் திறந்தார். பிறகு பூட்டு ஞாபகம் வந்தவர் போல மூடிக்கொண்டார். "கடவுள் உங்க குடும்பத்தக் காப்பாத்தட்டும்" என்றார். அவர் ஏன் குடும்பம் என்று சொன்னார் என்பதை மாப்பிள்ளை அப்போது கவனிக்கவில்லை.

வீட்டுக்கு வந்தால், அத்தை முற்றத்தில் சூளைக் குழியைக் கூட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னைக்கே புகை போட்டுடலாம் மாப்பிள்ளை."

"இன்னும் காயணுமே அத்தை." வாய் தவறி உண்மை வந்துவிட்டது.

"காஞ்ச வரைக்கும் போதும். நெருப்பு பாத்துக்கும்."

பொறுமைக்குப் பெயர் போன அத்தை இவ்வளவு அவசரப்பட்டு மாப்பிள்ளை பார்த்ததில்லை. ஆனால் அவருக்குள்ளும் ஒரு சின்ன விளக்கு எரிந்தது. நெருப்பு பாத்துக்கும். நெருப்பில் வெடித்தால் யாரையும் குறை சொல்ல முடியாது.

செங்கல் அடுக்கிய குழியில் தூளைப் பரப்பி, ஜாடியை நடுவில் இறக்கினார்கள். அத்தை மாப்பிள்ளைக்கு எதிர்ப்பக்கம் நின்று பிடித்தார். ஆளுக்கு ஒரு பக்கம் கையால் மூடியபடி, குழந்தையை இறக்குவது போல இறக்கினார்கள். உள்ளே கல் ஒரு தரம் 'கடக்' என்றது. மாப்பிள்ளை பலமாக இருமினார். ஆச்சரியம், அத்தையும் இருமினார். ஓரத்தில் சில கிண்ணங்களை வைத்து, கழுத்து வரை தூளைக் கொட்டி, மேலே சுள்ளி போட்டுப் பற்றவைத்து, தச்சர் இரவல் கொடுத்த தகரத்தால் மூடினார்கள். இனி தூள் மேலிருந்து கீழே மெதுவாகக் கனன்று இறங்கும். மறுநாள் காலை வரை பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர வேலையில்லை.

மாப்பிள்ளை குழியோரம் உட்கார்ந்து கடவுளை வேண்டிக்கொண்டார். 'ஆண்டவனே, அந்த ஜாடி வெடிக்கட்டும்.' வேண்டி முடித்ததும் தனக்கே கூசியது. ஒரு அம்மாள் திரி திரியாக, விரல் தேய வளர்த்த ஜாடி. அதை உடைத்துத் தரச்சொல்லி, போயும் போயும் கடவுளிடம் பொய்ச்சாட்சி கேட்கிறோமே.

அப்போது பக்கத்தில் ஒரு டீ டம்ளர் வந்தது. அத்தை. பெரிய டம்ளர், நுனி வரை நிறைய டீ. துணி சுற்றாமல் கையிலேயே கொண்டுவந்திருந்தார். டீ தளும்பி விரலில் வழிந்திருந்தது.

"சூடா இருக்கு அத்தை. கை சுட்டுடுச்சா?"

"பரவாயில்ல. புகையில உக்காந்திருக்கீங்க. தொண்ட காயும்."

அவர் அந்த விரல்களைப் பார்த்தார். மண்ணில் வறண்டு, நகத்தோரம் வெடித்து, அவர் ஒட்டின அதே மாதிரிக் கோடு கோடாக இருந்தன. இவ்வளவு நாளாக இந்த அம்மாளின் கோபத்தை மட்டும்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தோம், கையைப் பார்த்ததே இல்லையே என்று நினைத்தார். வேண்டுதலை மாற்றிக்கொண்டார். 'ஜாடி உடையாம வரட்டும். நான் சொல்லிடறேன்.' அப்படி மாற்றியதும் பயம் இரண்டு மடங்காயிற்று. ஆனால் டீ இனித்தது.

சாயங்காலம் குழிக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. 'டொப்.'

மாப்பிள்ளை துள்ளி எழுந்தார். வீட்டுக்குள்ளிருந்து அத்தை செருப்புக்கூட இல்லாமல் ஓடிவந்தார்.

"போயிடுச்சா?" என்றார் அத்தை.

அந்தக் குரலில் துக்கம்தானே இருக்க வேண்டும்? மாப்பிள்ளை காது கொடுத்துக் கேட்டார். இன்னதென்று சொல்ல முடியவில்லை.

"காலையிலதான் தெரியும் அத்தை."

பின்னாலேயே வந்த அவர் மனைவி, அம்மாவையும் புருஷனையும் மாறி மாறிப் பார்த்தாள். "ரெண்டு பேருக்கும் என்ன ஆச்சு? ஆஸ்பத்திரி வாசல்ல நிக்கிற மாதிரி நிக்கிறீங்க."

அத்தை வெறுங்காலோடு உள்ளே திரும்பினார்.

விடிந்தது. தகரத்தைத் திருப்பி வாங்கிக்கொள்ளத் தச்சரும் வந்து நின்றார். மாப்பிள்ளை சாம்பலை மெல்ல விலக்கினார். முதலில் கிண்ணத் துண்டுகள் வந்தன. வெடித்தது அவர் உருட்டிய எலியை விழுங்கின பாம்புத் திரியில் செய்த கிண்ணம்தான். அடுத்து சாம்பலுக்குள்ளிருந்து ஒரு தோள் எழுந்தது. கழுத்து. வாய். எங்கும் ஒரு சில்லு பெயராமல், குளித்துவிட்டு வந்த எருமைக்கன்று மாதிரி கருகருவென்று மினுங்கிக்கொண்டு ஜாடி முழுசாக நின்றது.

தூக்கி வெளியே வைத்தார்கள். உள்ளே கல் கடகடவென்று உருண்டது. மனைவி துணியால் ஒரு துடைப்புத் துடைத்தாள்.

"அம்மா, இது என்ன கோடு?"

விளிம்பிலிருந்து தோள் வரை, அவ்வளவு மினுக்கத்துக்கு நடுவில், மினுங்காத சாம்பல் நிறக் கோடு ஒன்று இறங்கியிருந்தது. புகை எதையும் மறைக்கவில்லை.

மாப்பிள்ளை ஒரு அடி முன்னால் வந்தார். கையை நீட்டி அந்தக் கோட்டைக் காட்டினார்.

"அத்தை, அது நான் செஞ்சது. உதவி பண்றேன்னு வெயில்ல வச்சேன், வெடிச்சிடுச்சு. வினிகர்ல குழைச்சு ஒட்டினேன். எறும்புன்னு பொய் சொன்னேன். உங்க கல்லும் உள்ளதான் கெடக்கு. என்னைப் போகச் சொன்னா போயிடறேன். ஆனா..." மீசை நடுங்கியது. "எனக்கு இந்த வீட்ட விட்டுப் போக மனசில்ல அத்தை."

அத்தை கோட்டைப் பார்த்தார். மாப்பிள்ளையைப் பார்த்தார். மறுபடி கோட்டைப் பார்த்தார். பிறகு அப்படியே சாம்பல் குவியல் மேல் உட்கார்ந்து, தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது.

"அம்மா!" என்று ஓடினாள் மகள்.

தச்சர் பெருமூச்சு விட்டார். தகரத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்து, ஜாடியை இரண்டு கையாலும் பிடித்து மெல்லப் பாதி வட்டம் திருப்பினார். மறுபக்கத்திலும் ஒரு கோடு இருந்தது, அச்சு அசலாக அதே மாதிரி.

"இந்தப் பூட்டு இனிமே தாங்காது" என்றார் அவர். "மாப்பிள்ளை, நீங்க ஒட்டினது இது. இப்ப நீங்க கையக் காட்டினீங்களே அந்தக் கோடு, 'சூளையத் தர்றேன்னு சொன்ன ஜாடிய நானே வெடிக்க விட்டுட்டேன், மாப்பிள்ளை கோவக்காரர், தெரிஞ்சா எம் பொண்ணக் கூட்டிக்கிட்டுக் கிளம்பிடுவாரு'ன்னு பயந்து, போன வாரம் என்கிட்ட வினிகர் வாங்கிட்டுப் போய் உங்க அத்தை ஒட்டினது."